கருப்பைவாய்ச் சோதனை முடிவுகளும் மருத்துவக் குறியீடும்

கருப்பைவாய்ச் சோதனையில் மாறுபட்ட முடிவு வந்தால் அதை எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாகப் பதிவுசெய்வது மெடிக்கல் கோடிங்கில் ஒரு சிறு பிரிவு. ராசிபுரம் வட்டாரத்தில் நர்சிங், பார்மசி, விலங்கியல் படித்துவிட்டு கோடிங் வேலைக்குச் சென்னை போகிறவர்கள் உண்டு. அங்கே அவர்கள் பெரும்பாலும் படிப்பது அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளை.

இதன் வரலாறு ஜார்ஜ் பாப்பனிகொலாவிடம் தொடங்குகிறது. உதிர்ந்த செல்களைப் பார்த்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று 1928-இல் அவர் சொன்னபோது மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து 1941-இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் 'பாப் ஸ்மியர்' பரவியது. முடிவுகளை அவர் ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருந்தார். நாளடைவில் ஒவ்வொரு ஆய்வகமும் அவற்றுக்குத் தனக்குத் தோன்றிய பொருளைக் கொடுத்தது. ஓரிடத்தில் மூன்றாம் வகுப்பு என்றால் வெறும் அழற்சி, இன்னோரிடத்தில் அதுவே புற்றுநோய்ச் சந்தேகம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1988-இல் அமெரிக்காவின் பெதஸ்தாவில் கூடிய வல்லுநர்கள் பொதுவான சொற்களை வகுத்தார்கள்.

குறியீடுகளும் அந்தச் சொற்களையே பின்பற்றின. அமெரிக்கா நெடுங்காலம் பயன்படுத்திய ஐசிடி-9 என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பில், மாறுபட்ட பாப் ஸ்மியர் முடிவுகளுக்கு 795.0 என்ற தலைப்பு இருந்தது. 2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி-10 வந்தது. இதில் ஆர்87.610 என்றால் செல்களில் மாற்றம் தெரிகிறது, ஆனால் அதன் தன்மை உறுதியாகவில்லை. ஆர்87.612 லேசான மாற்றம், ஆர்87.613 தீவிர மாற்றம். மாதிரி சரியாக அமையாவிட்டால் ஆர்87.615. புற்றுநோய் ஆபத்து அதிகமுள்ள எச்பிவி வைரஸ் வகை தெரிந்தால் ஆர்87.810.

ஆர்87 வரிசை முழுவதும் சோதனையில் தெரிந்ததை மட்டுமே சொல்லும், நோயின் பெயரைச் சொல்லாது. சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்து, நடுத்தர மாற்றம் என்று உறுதியானால்தான் என்87.1. புற்றுநோய்க்கு முந்தைய கடைசிக் கட்டம் டி06. புற்றுநோயே என்றால் சி53. ஸ்மியரில் தீவிர மாற்றம் என்று வந்த பெண்ணுக்கு அவசரப்பட்டு சி53 போட்டால், இல்லாத புற்றுநோய் அவர் ஆவணத்தில் ஏறிவிடும். புறநோயாளி சார்ட்டில் டாக்டர் 'சந்தேகம்' என்று எழுதியதை நோயாகக் குறிக்கக் கூடாது என்பது எழுத்திலேயே உள்ள விதி. கோடிங் படிக்கிறவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதைத்தான்.

தமிழ்நாட்டில் கதை வேறு வழியில் போனது. 1980-களின் தொடக்கத்தில் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பிறகு அது குறைந்து மார்பகப் புற்றுநோய் முந்தியது. ஒரே முறையில் ஆண்டுக்கணக்காகப் பதிந்து வந்ததால்தான் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. கிராமங்களுக்கோ, செல்களைப் படிக்க ஆய்வகமும் ஆளும் வேண்டிய பாப் ஸ்மியர் எட்டவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். 30 முதல் 59 வயதுவரையான பெண்களிடம் நடந்த இந்தச் சோதனையால் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. மாநில அரசும் முதலில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தொடங்கி, பின்னர் இச்சோதனையை மாநிலம் முழுவதும் விரித்தது.

இந்தச் சோதனையில் முடிவு பெரும்பாலும் 'பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்' என்று ஒரே சொல்லில் வருகிறது. பாசிட்டிவ் என்றதும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டியதில்லை. அடுத்த பரிசோதனைக்கு வரச் சொல்லும் அழைப்பு அது, அவ்வளவுதான். ஜவ்வரிசி ஆலையிலும் தறியிலும் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அந்த இரண்டாவது நாள் விடுப்பே பெரும்பாடு. குடும்பம் அந்த ஒரு நாளை அவருக்குக் கட்டாயம் விட்டுத்தர வேண்டும். 30 வயதைக் கடந்த பெண்கள் அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தச் சோதனையை இலவசமாகவே செய்துகொள்ளலாம்.