தோற்பவர் கற்பிக்கும் கலை

யப்பானின் பழைய வாட்பயிற்சிக்கூடம் ஒன்றினுள் முதன்முறையாக நுழையும் ஒருவர், அங்கே கடும் போர் ஒன்றைக் காணலாம் என எதிர்பார்த்தால் ஏமாற்றமே அடைவார். இருவர் மரவாள் ஏந்தி எதிரெதிரே நிற்பர். ஒருவர் முன்னேறி வெட்டுவார். மற்றவர் சற்றே விலகித் தமது வாளை அவரது மணிக்கட்டின்மேல் கொண்டுவந்து நிறுத்துவார். இருவரும் பழைய இடத்துக்குத் திரும்புவர். மீண்டும் அதே வெட்டு, அதே விலகல். எவர் எப்போது வெட்டுவார், எவர் எப்பக்கம் விலகுவார் என்பன யாவும் தலைமுறை தலைமுறையாக வரையறுக்கப்பட்டவை. இருவர் கூடி ஆற்றும் இத்தகைய பயிற்சிக்குக் 'கத்தா' என்று பெயர். வடிவம் என்பது அச்சொல்லின் பொருள்.

இதிலே வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. வெட்ட வந்து, இறுதியில் வெட்டுப்படும் நிலையிலே நிற்பவர் மாணவர் அல்லர், ஆசிரியர். 'உச்சிடாச்சி' என வழங்கும் இப்பாத்திரத்தை மூத்தவரே ஏற்பது பழைய வாட்பள்ளிகளின் பொது வழக்கம். வெல்லும் பாத்திரமாகிய 'ஷிடாச்சி' இளையவருக்கு உரியது. காரணம் எளிது. தாக்குதல் தக்க தொலைவிலிருந்து, தக்க கணத்திலே, மெய்யாகவே வந்தாலன்றி, அதற்கு விடையிறுக்கும் உடல் எதையும் கற்றுக்கொள்ளாது. அத்தகைய தாக்குதலைத் தரும் ஆற்றல் தேர்ந்தவருக்கே உண்டு. ஆகவே, யப்பானிய ஆசான் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோற்பதிலேயே கழித்தார் என்று சொன்னாலும் பிழையாகாது.

தனியே நின்று கையை நீட்டவும் காலை மடக்கவும் யாரும் பழகலாம். ஆனால் நீட்டிய கைக்குப் பின்னே இடுப்பும் முதுகும் பாதமும் ஒன்றாக இயங்கினவா, அன்றித் தோள் மட்டும் உழைத்ததா என்பதை அறிய இன்னோர் உடல் வேண்டும். தோளினால் மட்டும் தள்ளுபவனை எதிரே நிற்பவர் கணத்தில் உணர்ந்துவிடுவார். தள்ளுபவனுக்கோ அது தெரிவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மரபு அழிவின் விளிம்புக்கு வந்து நின்றது. 1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியது. 1876இல், பொது இடங்களில் வாள் தரிப்பதே தடைசெய்யப்பட்டது. மேனாட்டுக் கல்வியும் மேனாட்டு உடையும் புகுந்த நாட்டிலே, வெறுங்கைப் போர்க்கலையாகிய யூயுற்சுவை நாடுவார் அருகினர். அதன் ஆசான்களிற் பலர், முறிந்த எலும்பைப் பொருத்தும் வைத்தியத்தால் வயிறு வளர்த்தனர். இந்நிலையிலேதான், 1877இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த மாணவர் ஒருவர், யூயுற்சு கற்பிப்பார் உளரா என்று எலும்பு வைத்தியர்களின் வாயில்தோறும் விசாரித்துத் திரிந்தார். அவர் பெயர் கானோ ஜிகோரோ. 1860இல் கோபே நகருக்கு அண்மையிலுள்ள மிக்காகேயில், அரிசி மது வடிக்கும் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தவர். உடலாற் சிறியவர், பள்ளியிலே வலியவர்களின் கைவரிசைக்கு ஆளானவர்.

அவருக்கு வாய்த்த முதல் ஆசான் புக்குடா ஹச்சினொசுக்கே, தென்ஜின் ஷின்யோ என்னும் பள்ளியைச் சார்ந்தவர், எலும்பு வைத்தியர். ஒரு நாள் புக்குடா புதிய வீழ்த்துமுறை ஒன்றினால் கானோவைத் தரையிலே விழுத்தினார். எழுந்த மாணவர், அதனைச் செய்வது எங்ஙனம் என்று கேட்டார். ஆசான் 'வா' என்று அழைத்து மீண்டும் விழுத்தினார். கை எங்கே, கால் எங்கே என்று மாணவர் விடாது வினவினார். மூன்றாம் முறையும் தரையே விடையாயிற்று. கேட்டு அறிவதனால் ஆவது ஒன்றுமில்லை, பலமுறை விழுந்து பழகினால் தானே விளங்கும் என்பது ஆசானின் கருத்து. பல்கலைக்கழக மாணவருக்கு இது மனநிறைவு தந்திருக்குமா என்பது ஐயமே. எனினும் அவர் விலகிச் செல்லவில்லை.

1879இல், அமெரிக்காவின் முன்னாள் சனாதிபதி யுலிசிசு கிறான்ற் யப்பானுக்கு வந்திருந்தபோது, அவர் முன்னிலையில் யூயுற்சு செய்துகாட்டிய குழுவிலே புக்குடாவும் கானோவும் இருந்தனர். அதன்பின் சில நாட்களிலேயே புக்குடா காலமானார். அவருடைய கலைச் சுருள்கள் கானோவின் கைக்கு வந்தன. அடுத்த ஆசானாகிய இசோ மசத்தோமோ கத்தாவிலே வல்லவர். 1881இல் அவரும் மறைந்தார். அதன்பின் கானோ அடைந்த ஆசான் ஈக்குபோ சுனெத்தோஷி, கித்தோ என்னும் வேறொரு பள்ளியைச் சார்ந்தவர்.

கித்தோப் பள்ளியின் கத்தா கவச வீரர்களுக்காக அமைந்தது. 21 வீழ்த்துமுறைகள் கொண்டது. முதற்பகுதியில் 14, பிற்பகுதியில் 7. பாரமான கவசம் பூண்டவனாற் குனியவோ துள்ளவோ இயலாது. ஆகவே உடலை ஒரே தூணாக நிமிர்த்தி, நடக்கும் நடையினாலேயே எதிரியின் நிலையைக் குலைக்க வேண்டும். கையாற் பற்றி இழுப்பது இங்கே சிறு பங்கே. உடல் முழுவதும் பெயர்வதே வீழ்த்தும் விசை. கானோ பிற்காலத்தில் தாம் கற்ற பலவற்றை மாற்றியமைத்தார். இதை மட்டும் 'பழைய வடிவங்கள்' என்னும் பொருள்படப் பெயரிட்டு அப்படியே காப்பாற்றினார். 1929இல், தமது 68ஆம் வயதில், யமஷித்தா என்னும் மூத்த மாணவரைத் துணையாகக் கொண்டு பேரரசர் முன்னிலையில் அவர் செய்துகாட்டியதும் இதுவே.

1882இல், தோக்கியோவிலுள்ள எய்ஷோஜி என்னும் புத்த கோயிலில், 12 பாய்கள் விரித்த இடத்தில், ஒன்பது மாணவர்களுடன் கொடோக்கன் என்னும் கூடத்தைக் கானோ தொடங்கினார். அங்கே கற்பித்த கலைக்கு யூடோ என்று பெயரிட்டார். ஈக்குபோ அங்கு வந்தும் கற்பித்தார். வயது ஐம்பதைக் கடந்தவராயினும் தளர்நிலைப் பயிற்சியில், அதாவது வரையறையின்றி இருவரும் ஒருவரையொருவர் விழுத்த முயலும் 'ரந்தோரி'யில், அவரே கானோவை விழுத்துவது வழக்கம். 1885 அளவில் ஒரு நாள் இது தலைகீழாயிற்று. கானோவின் வீழ்த்துமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலித்தன. ஆசானுடையது ஒன்றும் பலிக்கவில்லை. வியந்த ஆசானிடம் மாணவர் காரணத்தை எடுத்துரைத்தார். தள்ளினால் எதிரி எதிர்த்துத் தள்ளுவான், இழுத்தால் எதிர்த்து இழுப்பான். அந்த எதிர்ப்பையே பயன்படுத்தி முதலில் அவன் சமநிலையைக் குலைத்துவிட்டு, அதன் பின்னரே விழுத்த வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. இனித் தாம் கற்பிக்க ஒன்றுமில்லை என்று ஈக்குபோ ஒப்புக்கொண்டார். ஆசானின் பெருந்தன்மை இவ்விடத்தில் மாணவரின் கண்டுபிடிப்புக்குச் சிறிதும் குறைந்ததன்று.

கானோ இதனை எண்களால் விளக்குவதுண்டு. எதிரியின் வலிமை பத்து, தன் வலிமை ஏழு எனக் கொள்க. எதிர்த்து நின்றால் ஏழு தோற்பது உறுதி. தள்ளும் அளவுக்கு விட்டுக்கொடுத்துப் பின்வாங்கினால், எதிரி முன்புறம் சாய்ந்து நிலை தவறுவான். அக்கணத்தில் அவனிடம் பயன்படக்கூடிய வலிமை மூன்றே. நிலை தவறாதவனிடமோ ஏழும் அப்படியே இருக்கிறது. அதிற் பாதியே போதும். 'யூ' என்பது நெகிழ்வு. அப்பெயரைத் தாங்கிய கலைக்கு அடிப்படை இந்தச் சிறு கணக்குத்தான்.

மாணவர் தொகை பெருகியபோது புதிய இடர் தோன்றியது. தொடக்கத்தில் ரந்தோரியின் இடையிடையே கத்தாவின் நுட்பங்களைக் கானோ வாயாற் சொல்லிக் கொடுத்தார். நூற்றுக்கணக்கானோர் வந்தபின் அது முடியவில்லை. இளைஞர் வெல்வதிலேயே நாட்டங்கொண்டனர். கத்தா இலக்கணம், ரந்தோரி கட்டுரை. இலக்கணம் அறியாதவன் எழுத்து உருப்படாது என்ற கருத்தைக் கானோ பலமுறை வற்புறுத்தினார். இலக்கணப் பாடத்தை விரும்பும் மாணவர் எந்த நாட்டிலும் சிலரே. ஆகவே 1880களின் நடுப்பகுதியிலிருந்து வீழ்த்தல், பிடித்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே கத்தாக்களை வகுத்தார். அவற்றோடு 1887 அளவில் அவர் இயற்றியதே 'யூ நோ கத்தா', அதாவது நெகிழ்வின் வடிவம்.

இதில் 15 முறைகள் உண்டு. ஐந்து ஐந்தாக மூன்று தொகுதிகள். எவரும் தரையில் விழுவதில்லை. பாயும் வேண்டா, தனி உடையும் வேண்டா. ஒருவர் பின்னே நின்று மற்றவரின் தோளை உள்ளங்கையால் மெல்லத் தள்ளுகிறார். தள்ளப்பட்டவர் எதிர்க்காமல், அத்தள்ளலோடு சேர்ந்து இடுப்பிலிருந்து குனிகிறார். பற்றுக்கோடு இழந்த கை வழுக்கி முன்னே வருகிறது. அதைப் பற்றி, உடலைத் திருப்பி நிமிர்கிறார். தள்ள வந்தவர் இப்போது தாமே வளைந்து நிற்கிறார். சில முறைகளில் தாக்குபவரை இடுப்பின்மேலும் முதுகின்மேலும் ஏற்றி, விழுத்தும் நிலைவரை கொண்டுசென்று அங்கேயே நிறுத்துவர். பின்னர் மெதுவாக இறக்கிவிடுவர். அசைவு யாவும் மந்தமானவை. விரைந்து செய்தால் மறைந்துவிடும் குறைகள் மெதுவாகச் செய்யும்போது வெளிப்பட்டுவிடும். எடை எந்தப் பாதத்தில் இருக்கிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது, கழுத்து விறைத்திருக்கிறதா என்பவற்றை இருவரும் ஒருவர் உடலால் மற்றவர் உடலை வாசிப்பதுபோல் அறிந்துகொள்வர்.

இக்கத்தாவைப் பெண்களுக்குரியது என்று ஆண்களிற் பலர் ஒதுக்கினர். பெண்கள் அதனைப் பேணினர். கொடோக்கனின் மகளிர் பகுதி முறையாக அமைந்தது 1926இல். 1934இல், தம் முதல் ஆசானின் பேர்த்தி ஒருத்தியைக் கானோ தாமே பயிற்சிக்கு அழைத்தார். 1913இற் பிறந்த புக்குடா கெய்கோ என்னும் அப்பெண் ஐந்தடிக்கும் குறைந்த உயரமும் நூறு இறாத்தலுக்கும் குறைந்த எடையும் உடையவர். பூத்தொடுப்பும் தேநீர்ச் சடங்கும் பயின்றவர். மறுவருடம் அவர் சேர்ந்தபோது, அங்கே பயின்ற மகளிர் 24 பேரே. 1938இல் கானோ கடற்பயணத்தின்போது கப்பலிலேயே காலமானார். புக்குடா கெய்கோ மணம் செய்யாமல் இக்கலையிலேயே நின்றார்.

போரின் பின் பாடசாலைகளில் தடையுண்டிருந்த யூடோ 1950இல் மீண்டும் அனுமதி பெற்றது. 1964இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் விழாவிலே அது முதன்முறையாகப் போட்டியாக இடம்பெற்றது. எடை வரையறையற்ற பிரிவில், நெடிதுயர்ந்த ஒல்லாந்தரான அன்ரன் கீசிங்கு, யப்பானியரான கமினாகாவை வென்றார். அரங்கு உறைந்துபோயிற்று. பிற்காலத்தில் எல்லோரும் பேசியது அப்போட்டியைப் பற்றியே. அதே விழாவிலே புக்குடா கெய்கோவும் நொரித்தோமி மசாக்கோவும் யூ நோ கத்தாவைச் செய்துகாட்டியதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. அன்று பெண்களுக்கு ஒலிம்பிக் யூடோப் போட்டி கிடையாது. 1992இலேதான் அது முறையாக ஏற்கப்பட்டது.

பெண்கள் ஐந்தாம் 'டான்' என்னும் தரத்துக்கு மேற் செல்ல இயலாது என்ற தடையும் அன்று இருந்தது. 1953இல் அத்தரத்தை எய்திய புக்குடா கெய்கோ, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டார். அவரிடம் கற்றுச்சென்ற ஆண்கள் அவரைத் தாண்டிப் போயிருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தால் அத்தடையின் அநீதி விளங்கும். பலர் கடிதம் எழுதி வற்புறுத்தியதன் பின், 1972இல் அவருக்கும் நொரித்தோமிக்கும் ஆறாம் தரம் வழங்கப்பட்டது. 1966 முதல் அமெரிக்காவில் வாழ்ந்த அவர், சன் பிரான்சிஸ்கோவில் மகளிருக்கென யூடோக் கழகம் ஒன்றை நிறுவி, தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் கற்பித்து வந்தார். கொடோக்கன் 2006இல் ஒன்பதாம் தரத்தையும், அமெரிக்க யூடோ அமைப்பு ஒன்று 2011இல் பத்தாம் தரத்தையும் அவருக்கு அளித்தன.

இதனிடையே கத்தாவும் போட்டியாகிவிட்டது. 2009இல் மால்ற்றாவில் நடந்த உலகக் கத்தாப் போட்டியில், வெற்றி தோல்வியின்றிப் பயில்வதற்கென அமைந்த யூ நோ கத்தாவுக்கும் நடுவர்கள் புள்ளி இட்டனர். புக்குடா கெய்கோ 2013 பெப்ரவரியில், தமது 99ஆம் வயதில், சன் பிரான்சிஸ்கோவிற் காலமானார்.