வெயிலுக்கு விலை வந்த கதை

ஒளியிலிருந்து மின்சாரம் பிறக்கும் என்று 1839-லேயே பிரெஞ்சுக்காரர் எட்மண்ட் பெக்கரல் கண்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது வாத்தியார் சொன்னது. ஆனால் எங்கள் சேத்தியாத்தோப்புப் பக்கம் மின்சாரம் என்றால் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிதான். 1956-இல் அரசே நிறுவனம் தொடங்கி அதைத் தோண்டியது.

வெயிலுக்கு அரசின் கை 2010-இல்தான் நீண்டது. தேசிய சூரிய மின் இயக்கம் இலக்கு வைத்தது. 25 ஆண்டுகளுக்கு ஒரே விலையில் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டார்கள். அதை நம்பி வங்கிகள் கடன் கொடுத்தன. ஏலத்தில் போட்டி வந்தது, வெளிநாட்டுத் தகடும் மலிந்தது. அன்று சுமார் 12 ரூபாய்க்குப் போன யூனிட், 2017-இல் ராஜஸ்தான் ஏலத்தில் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2012-இல் தமிழக அரசும் தனிக் கொள்கை வெளியிட்டது. பிறகு நெய்வேலி நிறுவனமே சூரிய மின் நிலையங்கள் கட்டியது.

நிலக்கரிக்கு நிலம் வேண்டும். 2023 ஜூலையில், பக்கத்து வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிரில் இயந்திரம் இறங்கியதை மறக்க முடியுமா?

2024-இல் வந்த வீட்டுக்கூரைத் திட்டத்தில் நாங்களும் 3 கிலோவாட் போட்டோம். மானியம் 78,000 ரூபாய். யார் நிலமும் போகவில்லை. போனது வீட்டம்மா வடாம் காயவைத்த இடம் மட்டும்தான்.