சுமையும் வீதியும் சில்லும்: புத்தூர்ப் பாரவண்டிகளின் சரித்திரம்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி கோப்பாயையும் நீர்வேலியையும் சிறுப்பிட்டியையும் கடந்து புத்தூரை அடையுமிடத்தில், சுன்னாகச் சந்தைப் பக்கமிருந்து வரும் வீதியும், கண்டி நெடுஞ்சாலையை மீசாலையிற் சென்று தொடும் வீதியும் கூடுவதால், வலிகாமத்துச் செம்மண் விளைவித்த புகையிலையையும் வெங்காயத்தையும் வாழைக்குலையையும் சுமந்து செல்லும் பாரவண்டிகளுக்கு இவ்வூர் இயல்பாகவே ஒரு வழித்துறையாக அமைந்தது. அவ்வண்டிகளின் சில்லுகளை ஆராய்வோர், குடாநாட்டுக் கமக்காரரின் வாணிப சரித்திரத்தையே ஒருவாறு கண்டுகொள்ளலாம்.

திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய புகையிலைச் சிப்பங்களை மாட்டுவண்டில்கள் துறைமுகத்துக்குக் கொண்டு சென்ற காலத்தில், தச்சர் செய்த மரச்சில்லின்மீது, கொல்லர் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையத்தை ஏற்றி, நீரூற்றிக் குளிர்விக்க, அது சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இரும்பு எளிதில் தேயாததாயினும், அதிர்ச்சியைத் தாங்கும் குணம் அதற்கில்லை. சுண்ணக்கல் பரப்பிய வீதியைப் பொடியாக்குவதோடு, மாட்டின் தோளையும் அது வருத்திற்று.

இக்குறையைத் தீர்த்த இறப்பரின் வரலாறு விசித்திரமானது. 1839ஆம் ஆண்டில் சார்ள்ஸ் குட்இயர் கந்தகத்தோடு காய்ச்சி அதனை உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். 1888இல் ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த ரயரைப் பிரசித்தப்படுத்தினார். இவ்விரண்டிற்கும் இடையே, 1876இல், பிரேசிலிலிருந்து இலண்டனுக்குச் சென்ற இறப்பர் வித்துக்களின் கன்றுகள் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இவ்வாறு இறப்பர் பால் நம் தீவிலேயே பெருகியபோதிலும், சோவியத் நாட்டின் உதவியுடன் களனியில் அரச ரயர்த் தொழிற்சாலை எழுவதற்கு 1960கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவியபோது, யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தென்னிலங்கையில் பெருங்கிராக்கி உண்டாகவே, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பை நோக்கி லொறிகள் ஓடின. தோட்டத்து மண்ணொழுங்கையிற் புறப்பட்டு, வன்னியின் வெயிலிற் காய்ந்த தார்வீதியில் இரவுபகலாக ஓடும் லொறிக்கு ரயர் தெரிவதென்பது சாமானியமான காரியமன்று. திசைதிருப்பும் முன்சில்லுக்கு நீளவாட்டில் வரியோடிய ரயர் உகந்தது; உந்துவிசை பெறும் பின்சில்லுக்கு, மண்ணைப் பற்றும் ஆழ்ந்த குறுக்கு வெட்டுக்கள் வேண்டும். பின்னால் இணையாகப் பூட்டும் இரு ரயர்களுள் ஒன்று தேய்ந்து மற்றது புதிதாயிருப்பின், உயர்ந்து நிற்பதே பெருஞ்சுமையைத் தாங்கி, சூடேறி, வெடிக்கும். புதிய இறப்பர் ஒட்டிப் புதுப்பித்த ரயரைப் பின்னே பூட்டுதல் சிக்கனமாகும். முன்னே பூட்டுதல் சாரதியின் உயிரோடு விளையாடுவதாகும்.

1990இன் பின் யுத்தத்தால் இரயில் நின்றது. கண்டி வீதியும் நெடுங்காலம் மூடப்பட்டு, 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் அடைபட்டு, 2009இலேயே நிலையாகத் திறந்தது. நல்ல தார்வீதியில் நெடுந்தூரம் விரைந்தோடும் இன்றைய லொறிகளுக்கு, மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமைக்குப் பதிவுசெய்த ரேடியல் ரயர் அமைப்பு, குறைந்த சூட்டையும் நீண்ட ஆயுளையும் தருகிறது. ஆயினும், காற்றுக் குறைந்தால் அதன் பக்கச்சுவரும் மடிந்து மடிந்து சூடேறவே செய்யும். பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்கள் அறிவிக்கும் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் பாராது வாங்கினால், கடையில் முதுமையடைந்த இறப்பரே கைக்கு வந்து சேரும்.

ஆகவே, எவ்வளவு சுமை, எந்த வீதி, எந்த அச்சு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே விலையை வினவுதல் முறை. அவ்வொழுங்கைத் தலைகீழாக்குவோர் சேமிக்கும் பணம், ஒரு கமக்காரக் குடும்பத்தின் ஒரு போக உழைப்பையும், அதை ஏற்றிச் செல்லும் சாரதியின் உயிரையும் பணயமாக வைத்துச் சேமித்ததேயாகும்.