ஓஸ்டாரா: வசந்தத்தை வரவேற்கும் இந்தப் பண்டிகைக்கு உண்மையில் எத்தனை வயசு?

மார்ச் 20-ஐ ஒட்டி வருஷா வருஷம் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு சுற்றும். முயல், வண்ண முட்டை, பூச்சூடிய ஒரு பெண் தெய்வம். 'ஈஸ்டர் கிறிஸ்தவப் பண்டிகையே இல்லை, பல ஆயிரம் வருஷப் பழமையான ஓஸ்டாராவைத் திருடியதுதான்' என்பது அதன் சாரம். சில பதிவுகள் இன்னும் ஒரு படி மேலே போய், பாபிலோனின் இஷ்தார் தெய்வத்தையும் உள்ளே இழுக்கும்.

ஓஸ்டாரா என்ற பண்டிகை இருப்பது நிஜம். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளில் இதைக் கொண்டாடுகிறார்கள். ஆனா அந்தப் பண்டிகைக்கு அந்தப் பெயர் கிடைத்தது 1974-ல்தான்.

யார் இந்த பேகன்கள்?

'பேகனுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு கிராமத்து ஆள் என்று பொருள். கிறிஸ்தவம் பரவிய காலத்தில் பழைய தெய்வங்களை விடாதவர்களை 'பட்டிக்காட்டான்' என்கிற தொனியில் அப்படி அழைத்தார்கள். 20-ம் நூற்றாண்டில் சிலர் அதே சொல்லைப் பெருமையாக எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள். இது ஒரே மதம் அல்ல. விக்கா, ட்ரூயிட், ஹீத்தன் எனப் பல பிரிவுகளுக்கான பொதுப்பெயர். எல்லோருக்கும் பொதுவான வேதநூலோ, தலைமைப் பீடமோ கிடையாது. இயற்கை புனிதமானது, தெய்வம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம், பெண் தெய்வத்துக்கும் இடம் உண்டு என்பது போன்ற எண்ணங்கள்தான் இவர்களை இணைக்கின்றன.

விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பின்னர் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தவர். பிரிட்டனின் 1735-ம் ஆண்டு சூனியத் தடைச் சட்டம் 1951-ல் ரத்தானது. 1954-ல் கார்ட்னரின் புத்தகம் வந்தது.

இன்றைய பேகன்கள் பலர் பின்பற்றும் 'ஆண்டுச் சக்கரம்' உருவானதும் இதே காலத்தில்தான். அதில் எட்டுப் பண்டிகைகள். நான்கு, சூரியனை வைத்து வருபவை. மற்ற நான்கு, அயர்லாந்து, ஸ்காட்லாந்து மரபிலிருந்து வந்தவை. இரண்டையும் கோத்து ஒரே காலண்டர் ஆக்கியது 1950-களின் பிரிட்டன். பழங்காலத்தில் எந்த ஒரு சமூகமும் இந்த எட்டையும் சேர்த்துக் கொண்டாடியதற்கு ஆதாரம் இல்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பேகன்களில் நிறைய பேர் அவர் புத்தகங்களை விரும்பிப் படிப்பவர்கள் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

இந்தச் சக்கரத்தில் வசந்தம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. பிப்ரவரி 1-ல் இம்போல்க், குளிர் விலகத் தொடங்கும் நாள். மே 1-ல் பெல்டேன், நெருப்பு மூட்டிக் கோடையை அழைக்கும் நாள். இந்த இரண்டும் மத்தியகால ஐரிஷ் நூல்களிலேயே இருக்கின்றன. நடுவில், பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாளில் வருவதுதான் ஓஸ்டாரா. விதை நடுவது, முட்டைக்கு வண்ணம் பூசுவது, பூவும் பச்சிலையும் வைத்துப் பூஜை மேடை அலங்கரிப்பது, விடியலில் வெளியே போய் சூரியனைப் பார்ப்பது என்று எளிமையான கொண்டாட்டம். ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்திலும் அன்று விடியலில் மக்களை உள்ளே அனுமதிக்கிறார்கள்.

அப்போ அந்தப் பெயர்?

கி.பி. 725-ல் இங்கிலாந்துத் துறவி பீட், காலக்கணக்கு பற்றி ஒரு நூல் எழுதினார். ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு 'ஈஸ்ட்ரே' என்ற தெய்வத்தின் பெயரை அந்தக் கால மக்கள் வைத்திருந்தார்கள், அந்த மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தார்கள், அந்தப் பெயரே பின்னர் கிறிஸ்தவப் பண்டிகைக்கும் ஒட்டிக்கொண்டது என்கிறார். அவ்வளவுதான். முயல் இல்லை, முட்டையும் இல்லை. இந்தத் தெய்வத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பழைய ஏடு இது ஒன்றே.

1835-ல் ஜெர்மன் மொழியியலாளர் ஜேக்கப் கிரிம் (ஆமா, தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்) ஜெர்மனியிலும் 'ஓஸ்டாரா' என்று ஒரு தெய்வம் இருந்திருக்க வேண்டும் என ஊகித்தார். 1974-ல் அமெரிக்க விக்கா எழுத்தாளர் ஏடன் கெல்லி, பெயரில்லாமல் இருந்த வசந்தப் பண்டிகைக்கு அதைச் சூட்டினார். அதற்காக பீட் கற்பனை செய்தார் என்றும் தள்ளிவிட முடியாது. 1958-ல் ஜெர்மனியின் மோர்கன்-ஹார்ஃப் அருகே, ஒலிப்பில் நெருக்கமான 'ஆஸ்ட்ரியாஹெனே' என்ற தாய்த் தெய்வங்களுக்கு ரோமானியர் காலத்தில் வைத்த 150-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்தன.

முட்டைக்கு வேறு கதை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மத்தியகால ஐரோப்பாவில் முட்டை சாப்பிடத் தடை. கோழி தடையைப் பார்க்குமா? சேர்ந்த முட்டையெல்லாம் ஈஸ்டர் அன்று வெளியே வரும். 1290-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கிலேயே, அலங்கரிக்க 450 முட்டை வாங்கிய செலவு இருக்கிறது. முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றிய முதல் பதிவு ஜெர்மனியில், 1682-ல். இஷ்தார் கதையைப் பிரபலமாக்கியது ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஹிஸ்லப் 1850-களில் கத்தோலிக்கர்களைத் தாக்கி எழுதிய நூல். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பண்டிகையின் பெயர் 'பெசாக்' என்ற எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் 'பாஸ்கா'வும் அதே வேர்தான்.

பெயர் புதுசு, ஆள் நிஜம்

இவ்வளவையும் படித்துவிட்டு 'அப்போ எல்லாம் டுபாக்கூர்' என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. ஒரு வழிபாட்டுக்கு மரியாதை கிடைக்க அது எத்தனை பழசு என்பதை அளவுகோலாக வைத்தால், பல பெரிய மதங்களின் சடங்குகளே தேறாது. சட்டமும் வயசைக் கேட்கவில்லை. 1986-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, விக்காவும் அரசியல் சட்டப் பாதுகாப்புக்குரிய மதமே என்றது. ஆனாலும் 2005-ல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட ஒரு விக்கா ராணுவ வீரரின் நினைவுச் சின்னத்தில் ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க அவர் மனைவி வழக்கு போட வேண்டியிருந்தது. 30-க்கும் மேற்பட்ட சின்னங்கள் ஏற்கெனவே அனுமதிப் பட்டியலில் இருந்தன. இது சேர்ந்தது 2007-ல்.

எண்ணிக்கை எவ்வளவு? இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை பேகன் என்று எழுதியவர்கள் 2011-ல் சுமார் 57,000. 2021-ல் சுமார் 74,000. விக்கா என்று தனியாக எழுதியவர்கள் 13,000. கிட்டத்தட்ட 800 பேருக்கு ஒரு பேகன். மதம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வது அங்கே கட்டாயம் இல்லை. பேகனுக்குத் தனிக் கட்டமும் கிடையாது. 'வேறு மதம்' என்ற இடத்தில் கைப்பட எழுத வேண்டும். அதனால் இந்த உயர்வில் எவ்வளவு புதிதாக வந்தவர்கள், எவ்வளவு பேர் இப்போதுதான் வெளியே சொல்லத் துணிந்தவர்கள் என்று இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

அயர்லாந்தில் 2023 முதல், பிப்ரவரி தொடக்கத்தில் புனித பிரிஜிட் பெயரில் அரசு விடுமுறை. இம்போல்க்கும் அதே நாட்களில்தான். ஆஸ்திரேலியாவில் கதையே தலைகீழ். மார்ச் அங்கே இலையுதிர் காலம். கடைகளில் ஈஸ்டர் முட்டைகள் குவியும்போது அங்குள்ள பேகன்கள் பலர் அறுவடைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஓஸ்டாரா செப்டம்பர் 22-ஐ ஒட்டி.