ஏழைக்குத் திறந்த கதவு

நோயுற்றோரைப் பேணுவது நம் கடமை. அதற்காகும் செலவை ஏற்பவர் யார்? விடை காண, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

ஜான் லூயி என்ற பிரெஞ்சு மாலுமி உயில் எழுதி வைத்த பொருளைக் கொண்டு, 1736-இல் அங்கு ஒரு தர்ம ஆஸ்பத்திரி தோன்றியது. 1834 முதல் பிறரன்புப் புதல்வியர் சபைக் கன்னியர் அதில் தொண்டாற்றினர்.

ஆயினும் தருமம் மட்டும் போதவில்லை. ஏழைகளை மிகுதியாக ஏற்கும் ஆஸ்பத்திரிக்குக் கட்டண வரவு குறைவு, கடனோ ஏறும். 1965-இல் அமெரிக்க அரசு ஏழைகளுக்கென மெடிக்கெய்ட் என்னும் மருத்துவ உதவித் திட்டத்தை ஏற்படுத்தியது. இத்தகைய ஆஸ்பத்திரிகளின் நிலையைக் கருத்திற்கொண்டு தொகை வழங்குமாறு 1981-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களைப் பணித்தது. பிற்காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் ஆஸ்பத்திரி இந்நிதியையே பெரிதும் நம்பியிருந்தது. 2005-இல் கத்ரீனா புயல் வெள்ளத்தால் அது மூடப்பட்டது, மீண்டும் திறக்கப்படவில்லை. 2010-ஆம் ஆண்டுச் சட்டம், காப்புறுதி பெறுவோர் பெருகுவர் என்று கருதி, இந்நிதியைக் குறைக்க வகை செய்தது. மெடிக்கெய்ட் நிதிக்கான குறைப்பை நாடாளுமன்றம் பலமுறை ஒத்திவைத்தது.

கதவைத் திறக்க ஒருவரின் கொடை போதும். அதைத் திறந்தே வைத்திருக்க ஆண்டுதோறும் பொதுப்பணம் வேண்டும். கொடுப்பவர் மனம்போல ஏழை பிழைப்பதும் சாவதும் முறையன்று. அவனுக்கு வைத்தியம் கிடைப்பது நீதியின்பாற்பட்டது என்பதை நாம் மறவாதிருப்போமாக.