12-11: தென்னாப்பிரிக்கா ஜெயித்த ரக்பி ஃபைனல்... ரசிகர்கள் இன்னும் விவாதிப்பது ஏன்?

2023 அக்டோபர் 28. பாரிஸ் அருகே ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானம். ரக்பி உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் நியூசிலாந்தை 12-11 என்ற கணக்கில் தென்னாப்பிரிக்கா வீழ்த்தியது. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியைப் பற்றித்தான் இரு நாட்டு ரசிகர்களும் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி என்னதான் நடந்தது?

முதலில், புள்ளிக் கணக்கு எப்படி?

ரக்பி யூனியனில் அணிக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில் வைத்தால் அது 'ட்ரை', 5 புள்ளி. அதைத் தொடர்ந்து பந்தை உதைத்து கோல் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் கூடுதலாக 2 புள்ளி. பெனால்டி உதைக்கு 3 புள்ளி.

தென்னாப்பிரிக்காவின் 12 புள்ளிகளும் ஹான்ட்ரே பொல்லார்டின் 4 பெனால்டி உதைகளில் வந்தவை. நியூசிலாந்துக்கு 2 பெனால்டி, ஒரு ட்ரை. அதாவது, ட்ரை அடித்த ஒரே அணி தோற்றுவிட்டது!

சாம் கேனுக்கு சிவப்பு, கொலிசிக்கு மஞ்சள் மட்டும் ஏன்?

முதல் பாதியில் நியூசிலாந்து கேப்டன் சாம் கேன், ஜெஸ்ஸி க்ரீலை மடக்கியபோது அவர் தலையில் மோதினார். முதலில் மஞ்சள் அட்டை. பிறகு வீடியோ பார்க்கும் தனி அதிகாரி அதை ஆய்வு செய்து சிவப்பாக மாற்றினார். ஆண்கள் உலகக் கோப்பை ஃபைனலில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் வீரர் இவர்தான். மீதி ஆட்டம் முழுக்க நியூசிலாந்து ஒரு ஆள் குறைவாகவே ஆடியது.

இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்க கேப்டன் சியா கொலிசியும் ஆர்டி சவேயாவின் தலையில் மோதினார். ஆனால் அது மஞ்சளோடு நின்றுவிட்டது. தலையில் பட்டாலே சிவப்பு கிடையாது, மோதலின் ஆபத்து எவ்வளவு என்பதைப் பார்த்தே முடிவு செய்வார்கள். நியூசிலாந்து ரசிகர்களுக்கு இந்த விளக்கம் இன்றும் ஜீரணமாகவில்லை.

ரத்தான ட்ரை: யார் பக்கம் நியாயம்?

சிவப்பு அட்டையை விடப் பெரிய சண்டை இதில்தான். ஆரோன் ஸ்மித் ட்ரை அடித்தார். ஆனால் அதற்கு முன்பே சவேயாவின் கையில் பட்டு பந்து முன்பக்கம் நழுவியது என டிவி நடுவர் டாம் ஃபோலி சுட்டிக்காட்ட, நடுவர் வெய்ன் பார்ன்ஸ் அதை ரத்து செய்தார்.

பந்து நழுவியது உண்மைதான். ஆனால் அப்போதிருந்த நடைமுறைப்படி, இதுபோன்ற தவறுக்கு ட்ரைக்கு முந்தைய இரண்டு கட்ட ஆட்டம் வரைதான் டிவி நடுவர் பின்னோக்கிப் போகலாம். இந்தத் தவறு அதற்கும் முன்பே நடந்துவிட்டது. தவறைத் தவறு என்று சொன்னதில் என்ன தப்பு என்கிறது ஒரு தரப்பு. விதி எல்லாருக்கும் ஒன்றுதானே என்கிறது இன்னொரு தரப்பு.

நடுவர்தான் காரணமா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. சில நிமிடங்களில் போடன் பாரெட் ட்ரை அடித்து 12-11 ஆக்கினார். அதற்கான உதையை ரிச்சி மோயுங்கா தவறவிட்டார். அது உள்ளே போயிருந்தால் 13-12. கடைசிக் கட்டத்தில் செஸ்லின் கோல்பே மஞ்சள் அட்டை வாங்க, கிடைத்த பெனால்டியை ஜோர்டி பாரெட் தூரத்திலிருந்து உதைத்தார். அதுவும் வெளியே போனது. உள்ளே போயிருந்தால் 14-12.

தென்னாப்பிரிக்க ரசிகர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. காலிறுதியில் பிரான்ஸை 29-28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15 என அந்த அணி ஜெயித்ததும் ஒரே புள்ளியில்தான். ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம். தொடர்ந்து மூன்று முறை என்றால்?

விவாதம் எல்லை மீறியது எங்கே?

பார்ன்ஸுக்கு இதுவே கடைசி சர்வதேசப் போட்டி. அதன் பிறகு தனக்கும் குடும்பத்துக்கும் மிரட்டல்கள் வந்ததாக அவர் சொன்னார். ஆன்லைன் வசைகளைக் காரணம் காட்டி ஃபோலியும் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலகினார். முடிவை விமர்சிக்கலாம், வீட்டு வாசல் வரை போகலாமா?

பிறகு என்ன மாறியது?

சிவப்பு அட்டை வாங்கியவருக்குப் பதிலாக 20 நிமிடம் கழித்து வேறொருவர் இறங்கலாம் என்ற விதி, 2024-ல் மேலும் பல சர்வதேசத் தொடர்களில் சோதனை முறையில் வந்தது. அன்று அது இருந்திருந்தால், இரண்டாம் பாதியின் பெரும்பகுதியில் நியூசிலாந்து முழு பலத்தோடு ஆடியிருக்கும். முடிவு மாறியிருக்குமா? ரசிகர்களின் அடுத்த விவாதமே அதுதான்.