ஓதவிசையும் புவித்தட்டு நகர்வும்

நிலாவும் சூரியனும் செலுத்தும் ஓதவிசை கடல்நீரோடு நிற்பதில்லை. திடமான தரையும் அதற்கு இணங்கி நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் இந்த அசைவு சில நாள்களில் 30 செ.மீ.க்கும் அதிகம். ஆயினும் ஏறிய தரை மீண்டும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். புவித்தட்டுகளின் நகர்வோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். ஆனால் அது ஒரே திசையில் தொடர்கிறது.

கண்டப் பெயர்ச்சிக் கொள்கையை 1912இல் முன்வைத்த ஆல்ஃபிரட் வெகனர், அதற்கான காரணங்களுள் ஓதவிசையையும் சேர்த்திருந்தார். கண்டங்களை நகர்த்தும் வலிமை அதற்கு இருந்தால் புவியின் சுழற்சியே ஓராண்டுக்குள் நின்றுபோகும் என்று ஹரால்டு ஜெஃப்ரீஸ் மறுத்தார். கண்டங்கள் நகரவே இல்லை என்று கருதியதில் ஜெஃப்ரீஸ் தவறினார். இந்தக் கணக்கில் தவறவில்லை. தட்டுகளை நகர்த்தும் முதன்மை விசை, குளிர்ந்து கனத்த கடல்தட்டு கீழமிழும்போது தன் எடையால் பின்பகுதியை இழுப்பதே என்பது இன்றைய பொதுக்கருத்து. நிலாவின் ஈர்ப்பால் பாறைக்கோளம் மேற்கு நோக்கிப் பின்தங்குகிறது என்ற வாதத்தை இத்தாலியின் கார்லோ டோக்லியோனியும் சகஆய்வாளர்களும் 2006இல் புதுப்பித்தனர். அதற்குத் தட்டுகளின் அடியிலுள்ள பாறை, அறியப்பட்டதைவிடப் பல கோடி மடங்கு இளகியிருக்க வேண்டும். பெரும்பாலோர் இதை ஏற்காததற்கு அதுவே காரணம்.

தட்டுகளை ஓட்டாத ஓதவிசை, அவை வழுக்கும் நேரத்தில் மட்டும் கைவைக்கிறது. பாறையில் அது உண்டாக்கும் தகைவு சில கிலோபாஸ்கல். ஒரு நிலநடுக்கம் விடுவிப்பதோ சில மெகாபாஸ்கல், ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இவ்வளவு சிறிய விசை செல்லுபடியாக, பிளவு முன்பே வழுக்கும் தறுவாயில் இருக்க வேண்டும். ஜப்பானின் நன்காய் பகுதியிலும் வட அமெரிக்காவின் காஸ்கேடியாவிலும் ஏறத்தாழ 30 முதல் 40 கி.மீ. ஆழத்தில் அத்தகைய நிலை உள்ளது. கீழமிழும் தட்டின் கனிமங்கள் சூடேறி நீரை வெளியிடுகின்றன. வெளியேற வழியின்றி அழுத்தம் கூடிய அந்நீர், மேல்தட்டின் சுமையைப் பெருமளவு தாங்கி உராய்வைக் குறைக்கிறது. அங்கே எழும் மெல்லிய அதிர்வுகள் ஓதத்தின் சுமார் 12 மணி நேரச் சுழற்சியோடு கூடிக் குறைகின்றன.

பெரிய நிலநடுக்கங்களில் இத்தொடர்பு மங்கலானது. ஓதத்தகைவு மிகும் காலங்களில் அவை சற்று அதிகம் நிகழ்வதாக சதோஷி இடேயின் குழுவினர் 2016இல் காட்டினர். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நடுக்கம் பௌர்ணமியன்று நேர்ந்ததே. ஆனால் பௌர்ணமி மாதந்தோறும் வருகிறது. ஒரே பிளவில் அத்தகைய பெருநடுக்கம் திரும்பவரப் பெரும்பாலும் நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆகவே ஓத அட்டவணையைக் கொண்டு நிலநடுக்க நாளைக் கணிக்க இயலாது.